வீட்டில் எத்தனை தோட்டா வைக்கலாம்?

எங்கள் ரைஃபிள் கிளப்பில் பக்கத்து லேனில் சுடும் தம்பிக்குப் போன மாதம் ஒருவழியாக லைசன்ஸ் கைக்கு வந்தது. .22 ரைஃபிளுக்கு (குழல் 0.22 அங்குலம்). கமிஷனர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கியது, சந்தோஷம் இருக்காதா? நேராகக் கடைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே எனக்கு போன். "அண்ணா, லைசன்ஸ்ல போட்டிருக்கற அளவு முழுசையும் வாங்கிடட்டுமா? அப்புறம் கிடைக்குமோ கிடைக்காதோ."

நாலு பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு வா, மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றேன். நேரில் பேசியது இரண்டு டீ குடிக்கும் நேரத்துக்கு மேல் நீண்டுவிட்டது. இதே குழப்பத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், இந்த இரண்டும்தான் நமக்கு எல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசன்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது (முன்பு மூன்று). லைசன்ஸின் ஆயுளும் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகியது. தோட்டாவுக்கு லைசன்ஸில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு சமயத்தில் கையில் இருக்கக்கூடிய அளவு, ஒரு வருடத்தில் வாங்கக்கூடிய அளவு. புதியவர்கள் இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு, அவ்வளவையும் வீட்டில் அடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் எண்தான் கழுத்தைப் பிடிக்கும். கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் லைசன்ஸில் பதிவு செய்வார். நாம் சுட்டுத் தீர்த்ததை யாரும் பதிவு செய்வதில்லை. அந்த வேலை நம்முடையது.

ஏர் ரைஃபிளை இந்தப் பேச்சிலிருந்து தள்ளி வைத்துவிடலாம். .177 அங்குலத்துக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் லைசன்ஸ் தேவையில்லை. பெல்லட்டில் வெடிமருந்து கிடையாது, வெறும் ஈயம். டப்பாவுக்கு 500 வரும். ஒரு நாளைக்கு எண்பது, நூறு என்று வாரத்துக்கு ஐந்து நாள் சுடுகிறவருக்கு வாரம் ஒரு டப்பா ஓடும். பத்து டப்பா வாங்கி வைத்தாலும் மூன்று கிலோவைத் தாண்டாது. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். சென்னைக் காற்றில் ஈயம் வெள்ளையாகப் பூத்துப்போகும், அதனால் மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஈயம் விஷம், அதனால் பெல்லட் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், டப்பாவைச் சமையலறை அலமாரியில் ஏற்றாதீர்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். அவ்வளவுதான் பெல்லட் கதை.

இனி .22. இதில் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் கொஞ்ச காலம் இருந்தும் இருக்கிறேன். லைசன்ஸ் அனுமதிக்கிற அளவு முழுவதையும் வீட்டில் வைப்பது. வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் எல்லாவற்றையும் கிளப்போடு நிறுத்திக்கொள்வது. அப்புறம், கொஞ்சத்தை மட்டும் வீட்டில் வைப்பது.

முழுவதையும் வீட்டில் வைக்கிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. போட்டிக்குச் சுடும் தரமான .22 தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நம் தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகவோ கடை வழியாகவோ வரும்போதுதான் வரும். வந்தால் ஒரேயடியாக வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய காரணம் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் பெட்டி மேல் இருக்கும் லாட் எண் மாறினால் குறி மாறிவிடும். என் ரைஃபிளில் ஒரு லாட் 50 மீட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்காரும். அதற்கடுத்த லாட், என் கையில் ஏதோ கோளாறு என்று நானே நம்பும் அளவுக்குச் சிதறும். குழலுக்குப் பிடித்த லாட் கிடைத்தால் அந்த சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிக்கொள்ளத்தான் எவருக்கும் தோன்றும். அது தப்பும் இல்லை.

வாங்குவது சரி. அத்தனையையும் வீட்டில் வைக்கலாமா?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். தண்ணீர் வாசல்படியைத் தாண்டியதும் நாங்கள் தூக்கியது கேஸ் சிலிண்டர், அரிசி, பத்திரங்கள், மாமியாரின் மருந்துப் பை. ரைஃபிளைப் பரணில் ஏற்றினேன். பீரோவின் கீழ்த்தட்டில் பூட்டியிருந்த தோட்டாப் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அது முழங்கால் தண்ணீரில் ஊறிவிட்டது. அட்டைப் பெட்டிகள் கூழாகி, தோட்டாக்கள் சேற்றுக்குள் சிதறிக் கிடந்தன. வடிந்த பிறகு குனிந்து குனிந்து பொறுக்கினேன், துடைத்தேன், செய்தித்தாள் விரித்துக் காய வைத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தன. ரேஞ்சில் போட்டால் நாலில் ஒன்று 'டிக்' என்றதோடு சரி. வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது, தாமதமாக வெடிக்கலாம். குழலைக் குறிப்பலகைப் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஒரு பெட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி நின்றால் சுடும் ஆசையே விட்டுப்போகும். வெடிக்காததைவிடப் பயமுறுத்துவது பாதி வெடிப்பது. மருந்து ஈரமாகி விசை குறைந்தால் ஈயம் குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு, கண்ணும் போகலாம். மீதியைக் கடையில் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொண்டேன். வெள்ளத்தில் மூழ்கியதைக் காய வைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வெள்ளம் எப்போதோ ஒருமுறைதான். வெயிலும் ஈரமும் வருஷம் முழுக்க. தோட்டா நல்ல குளுமையிலும் உலர்ச்சியிலும் இருந்தால் பல ஆண்டுகள் கெடாமல் நிற்கும். சென்னையில் அந்த இரண்டுமே காசு கொடுத்துத்தான் கிடைக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் மே மாதம் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதில் வைத்தால் .22 ஈயத்தின் மேல் பூசியிருக்கும் மெழுகு இளகி ஒன்றோடொன்று ஒட்டும், தூசியும் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் பித்தளை ஓட்டில் பச்சைக் களிம்பு புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஏசி அறையில் வைத்தால் ஆயிற்று என்பார்கள். அந்த ஏசி இரவில் ஓடும், பகலில் நிற்கும். குளிர்ந்த பெட்டியை எடுத்து வெளியே திறந்தால் சோடா பாட்டில் வியர்ப்பது போலத் தோட்டாவும் வியர்க்கும். பெட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் ஒரே மருந்து. துரு பிடிக்கக் கூடாதென்று எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. ரைஃபிளுக்கு எண்ணெய் நல்லது. தோட்டாவில் அது உள்ளே கசிந்து பற்றவைக்கும் மருந்தையே கெடுக்கும்.

தீ பற்றியும் கேட்பார்கள், குறிப்பாக அடுக்குமாடியில் இருக்கிறவர்கள். குழலுக்குள் இல்லாத தோட்டா தீயில் விழுந்தால் வெடிக்கும். ஆனால் சினிமாவில் காட்டுவது போல ஈயம் சுவரைத் துளைத்துப் போகாது. பின்னால் அணைத்துப் பிடிக்கக் குழல் இல்லாததால் ஓடுதான் கிழிந்து தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து, பக்கத்தில் நிற்கிறவருக்குக் காயம், அந்த அளவில். அதற்காக இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலோ, தீபாவளிப் பட்டாசு மிச்சத்தோடு சேர்த்தோ வைக்கலாம் என்று அர்த்தமில்லை. இருநூறு இருந்தால் இருநூறு வெடிப்பு, ஆயிரம் இருந்தால் ஆயிரம். தீயணைப்பு வீரர் வாசலில் நிற்கும்போது நீங்கள் சொல்லப் போகும் எண் சின்னதாக இருப்பது நல்லது.

சாவிக்கு வருகிறேன். ரைஃபிள் ஒரு பூட்டு, தோட்டா வேறு பூட்டு, இரண்டு சாவியும் வேறு வேறு இடத்தில். இதை ஒழுங்காகச் செய்கிறேன் என்று நெடுநாள் பெருமையில் இருந்தேன். தோட்டாப் பெட்டிச் சாவி பூஜை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருநாள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா படங்களைத் துடைத்துவிட்டு, "சார், உங்க துப்பாக்கி குண்டுச் சாவி கீழ விழுந்துடுச்சு, எடுத்து அங்கயே வெச்சுட்டேன்" என்றார். எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அவருக்குத் தெரியும் என்றால் என் பையனுக்கும் தெரியும், பையனின் நண்பர்களுக்கும் தெரிந்திருக்கும். அன்றே எண் பூட்டு வாங்கினேன். லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறோமே, அந்தத் தாளுக்கு உண்மையான பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் கிளப்பிலேயே வைத்துவிட்டால் என்ன? இது இரண்டாவது வழி. இதில் இரண்டு விதம் உண்டு, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் லைசன்ஸில் வாங்கிய தோட்டாவைக் கிளப் ஆர்மரியில் (ஆயுத அறையில்) வைப்பது ஒன்று. இடம்தான் மாறுகிறது, கணக்கு உங்களுடையதுதான். கிளப்பின் சொந்த லைசன்ஸில் வந்த சரக்கிலிருந்து அன்றன்றைக்கு வாங்கி அங்கேயே சுட்டுவிட்டு வருவது இன்னொன்று. அது கிளப் கணக்கு, உங்கள் எண்ணில் ஏறாது. வாரம் ஒரு முறை, பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த இரண்டாவது விதத்தைத்தான். வீட்டில் பூஜ்யம். தூக்கம் நிம்மதி.

போட்டிக்குத் தயாராகிறவருக்கு இது பற்றாது. கிளப் சரக்கில் உங்களுக்குப் பிடித்த லாட் இருக்க வேண்டுமே. ஆர்மரியைத் திறக்கச் சாவிக்காரர் வர வேண்டும். விடியற்காலை ரயிலைப் பிடித்து வெளியூர்ப் போட்டிக்குப் போகிறீர்கள், ஆர்மரியோ காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். முந்தின நாளே எடுத்து வந்துதான் ஆக வேண்டும், அன்றிரவு அது எங்கே இருக்கும்? உங்கள் வீட்டில்தான். வீட்டில் ஒன்றுமே வைப்பதில்லை என்று சொல்கிறவர்களும் வருடத்தில் சில இரவுகள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதுவும் பூட்டுப் பெட்டி இல்லாமல், துணிப் பைக்குள். அதற்கு ஒரு நல்ல பெட்டி வாங்கி நூறு தோட்டாவை ஒழுங்காக வைப்பது எவ்வளவோ மேல்.

தேர்தல் சமயம் தனிக்கதை. அறிவிப்பு வந்ததும் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிகளில் கலந்துகொள்கிற சங்க உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வீடு தேடி வராது, கடிதத்தோடு போய்க் கேட்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் கையிருப்பு குறைவாக இருந்தால் பேச்சும் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது வழியில்தான் இப்போது இருக்கிறேன். இங்கே வந்து சேரக் காரணம் ஒரே ஒரு தோட்டா.

நாலைந்து வருடம் முன்பு வீட்டில் நிறைய வைத்திருந்த காலம். நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது, எண்ணிப் பார்க்கும் பழக்கம் இல்லை. லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டி எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், மூன்று அதிகம். மூன்றாம் முறை மறுபடி ஒன்று குறைவு. இரவு பதினொரு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு படுத்திருந்தேன். மனைவி எதுவும் பேசவில்லை, அதுவே பெரிய பேச்சாக இருந்தது. கடைசியில் அது ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையின் உள் மடிப்பில், பழைய பஸ் டிக்கெட்டோடு கிடந்தது. அதே பையை அதற்கு முந்தின மாதம் மதுரை விமானத்துக்கு எடுத்துப் போகலாமா என்று யோசித்து, ஜிப் சரியில்லை என்று விட்டிருந்தேன். விமான நிலையத்தில் கைப்பையில் ஒரு தோட்டா சிக்கினாலும் சிக்கல்தான். தெரியாமல் வந்துவிட்டது என்றால், அறிந்து வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றம் பார்க்கும், உச்ச நீதிமன்றமே 1972இல் அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் விமானமும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்.

அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான்: ஒரே உட்காரலில், ஒரு தம்ளர் காபி ஆறுவதற்குள் எண்ணி முடிக்கக்கூடியது மட்டும் வீட்டில். எனக்கு அது 200. ஐம்பது ஐம்பதாக நாலு பெட்டி. திறக்காத மூன்று, திறந்த ஒன்று. திறந்ததை மட்டும் எண்ணினால் போதும். ஒரு போட்டிக்கு 60 தோட்டா, அதற்குமுன் குறி சரிபார்க்க இருபது, இருபத்தைந்து. ஆக நூறு போட்டிக்கு, மீதி நூறு ஒரு வாரப் பயிற்சிக்கு. பிடித்த லாட்டின் மிச்சம் என் கணக்கில், என் பெயர் ஒட்டிய டப்பாவில், கிளப் ஆர்மரியில் இருக்கிறது. லைசன்ஸ் எல்லைக்குள் என்றால் இரண்டையும் கூட்டித்தான், அதை மறக்கக் கூடாது.

12 போர் (bore) ஷாட்கன் வைத்திருக்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டு, தட்டுக்கு இரண்டு வெடி வரை. 24 கிராம் குண்டு உள்ள ஒரு கார்ட்ரிட்ஜ் முப்பத்தைந்து கிராமுக்கு மேல் எடை. 250 என்றால் ஒன்பது கிலோ. விமானத்தில் முன்கூட்டிச் சொல்லி, செக்-இன் பெட்டியில் ஒருவர் கொண்டுபோகக்கூடியதோ ஐந்து கிலோ. என் .22இல் அது கிட்டத்தட்ட 1,400 தோட்டா. ட்ராப்காரருக்கு ஒரு போட்டிக்கே காணாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் போன்றவர்களின் சரக்குத் தேவையே வேறு உலகம். அவ்வளவையும் அடுக்குமாடி பீரோவில் வைக்க முயலாமல் ரேஞ்சோடு நிறுத்திக்கொள்வதுதான் வழி.

தற்காப்புக்கென்று ரிவால்வர் வைத்திருக்கிறவர்கள் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டால் என் பதில் சுருக்கமானது. ஒரு பெட்டிக்கு மேல் எதற்கு? பத்து வருடப் பழைய ஐம்பதைப் பாதுகாப்பதைவிட, பழசை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். அப்படியாவது சுடப் பழகினது போல இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது எங்கள் வீட்டில் நடந்தது. மாமனார் காலமான பிறகு புரசைவாக்கம் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தோம். வேட்டி, ஜாதகக் கட்டு, அவருடைய தாத்தா காலத்து 12 போர் கார்ட்ரிட்ஜ் பதினொன்று. அட்டை ஓடு, ஈரத்தில் உப்பி, பித்தளை அடி முழுக்கப் பச்சை. துப்பாக்கி எப்போதோ போய்விட்டது, லைசன்ஸும் இல்லை. மைத்துனர் கூவத்தில் போட்டுவிடலாம் என்றார். என் லைசன்ஸ் .22க்கு, ஆகவே நானும் அதைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி இப்படிப்பட்டதைத் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு போன் செய்து, இன்னது இருக்கிறது, எப்படிக் கொண்டு வர என்று முதலில் கேட்டோம். எழுத்தரிடம் மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வர அரை நாள் ஆயிற்று. வரும் வழியில் மைத்துனர் கேட்டார், "மாப்பிள்ளை, உங்க வீட்ல எத்தனை இருக்கு?"

நூற்றி எண்பத்தேழு என்றேன். அன்று காலைதான் எண்ணியிருந்தேன்.